காளவாய் மேட்டுக்கு நாற்பது நிமிடம்

மணற்றுறை என்னும் கடற்கரைச் சிற்றூரில், எட்டுத் தெருக்களுக்கும் முறைவைத்துக் குடிநீர் விடும் நீரேற்று நிலையத்தில், செங்கமலம் ஒவ்வொரு நாளும் காலை ஐந்தரை மணிக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலைத் திறந்து, அதிலுள்ள எட்டு வரிகளை நகலெடுத்து, கணினியின் கறுப்புத் திரையில் ஒட்டுவாள். ஒட்டியவுடன், கூடத்தில் வரிசையாக நிற்கும் வால்வுகள், வருகைப் பதிவேட்டில் பெயர் அழைக்கப்பட்ட பிள்ளைகளைப்போல, ஒன்றன்பின் ஒன்றாக வாய் திறக்கும். ஒன்பது ஆண்டுகளில் அவள் இவ்வாறு ஒட்டிய வரிகள் இருபத்தாறாயிரத்துக்கு மேல். அவற்றுள் ஒன்றேனும் உரு மாறியதில்லை. பத்தாம் ஆண்டின் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அவள் எட்டு வரிகளை எடுத்தாள். திரையில் ஒன்பது வரிகள் விழுந்தன.

கடிதத்தில், ‘முதல் தெரு, நாற்பது நிமிடம், இரண்டாம் தெரு, நாற்பது நிமிடம்’ என எட்டாம் தெரு வரையில் ஒரே சீராக இருந்தது. திரையிலோ ஒவ்வொரு தெருவுக்கும் முப்பத்தைந்து நிமிடமே இருந்தது. எட்டுத் தெருக்களிலும் குறைந்த ஐந்தைந்து நிமிடங்கள் ஒன்றுகூடி, கடிதத்தில் எங்கும் இல்லாத ஒன்பதாம் வரியாக, ‘காளவாய் மேடு, நாற்பது நிமிடம்’ என்று அடியில் நின்றன. அவள் விரலை எடுப்பதற்குள் முதல் தெருவின் வால்வு திறந்துகொண்டது. ஒட்டியதை ஒரு கணமும் தாமதியாமல் நிறைவேற்றுவது அந்தத் திரையின் இயல்பு.

காளவாய் மேடு என்பது ஊருக்குத் தெற்கே, ஒரு காலத்தில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய சூளைகள் இருந்த மணல்மேடு. அங்கே நாற்பத்து மூன்று வீடுகள். பதினோராண்டுகளுக்கு முன் அந்த மேட்டில் நான்கு குழாய்த் தூண்களை நட்டு, மேளம் வைத்துத் திறப்பு விழா நடத்தினார்கள். விழாவன்று ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தது. அதன்பின் வரவில்லை. ஒரு தூணில் ஆடு கட்டினார்கள். ஒரு தூணில் துணிக்கொடி கட்டினார்கள். ஒன்றின் வாயில் சிட்டுக்குருவி குடியேறியது. நான்காவதைப் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாட்டுக்கு ஸ்டம்பாக வைத்துக்கொண்டார்கள். அதற்கென்று வந்த அறுபத்திரண்டு நீளக் குழாய்கள் நீரேற்று நிலையத்தின் முற்றத்தில் அடுக்கியபடியே கிடந்தன. காவலரும் வால்வுக்காரருமாகிய துரைக்கண்ணு பத்து ஆண்டுகளாக அவற்றின்மேல் அமர்ந்து வெற்றிலை போட்டார். அதற்கென்று வந்த ஒன்பதாவது வால்வும் முற்றத்தை ஒட்டிய சுவரோரம் பச்சை வண்ணத்தில் நின்றது. அதன் வாய் ஒரு தகர மூடியால் மூடப்பட்டிருந்தது. மூடியின்மேல் துரைக்கண்ணுவின் தேநீர்க் குவளை இருக்கும்.

அன்று காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, அந்த நான்கு தூண்களிலிருந்தும் முதலில் துருவும், பிறகு குருவிக்கூட்டின் வைக்கோலும் இரண்டு இறகுகளும், அதன்பின் தெளிந்த நீரும் வந்தன. கிளிஞ்சல் பொறுக்கும் காத்தாயி அப்போது ஆட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள்.

“ஊருத் தண்ணிதான். மருந்து வாசம் வருது,” என்று சொல்லிவிட்டுக் குடம் எடுக்கப் போனாள்.

வியப்பதற்கு யாருக்கும் நேரமிருக்கவில்லை. நாற்பது நிமிடங்களுக்குள் நாற்பத்து மூன்று வீட்டாரும் குடத்தையும் அண்டாவையும் சோற்றுப் பானையையும், ஒரு வீட்டில் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுத் தொட்டிலாயிருந்த தகரப் பெட்டியையும்கூட நிரப்பிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஆண்கள் சிலர் ஒரு தூணின் அடியைத் தோண்டிப் பார்த்தார்கள். குழாய் முழங்கை ஆழத்தில் முடிந்து, வறண்ட மணலை நோக்கி வாய் பிளந்து கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு நண்டு வளை இருந்தது. உறங்குகிறவர்மேல் போர்வையை இழுத்து விடுவதுபோல, அவர்கள் மணலை மெல்லத் தள்ளி மூடிவிட்டார்கள். இரண்டாம் வாரத்தில் குடவரிசையில் முதற்சண்டை நடந்தது. அதைக் கேட்டபோதுதான் காத்தாயிக்கு மனம் நிறைந்தது. வரும் என்று நம்பிய தண்ணீருக்குத்தானே மனிதர் சண்டையிடுவர்.

ஆனால், செங்கமலத்துக்கு அது நிறைவாக இல்லை. அவள் ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர். பணி நிரந்தரமாகும் ஆணை உதவிப் பொறியாளர் கலியமூர்த்தியின் மேசைக்கு அந்த மாதந்தான் வந்து சேர்ந்திருந்தது. தெருக்காரர்களின் புகார் அவர் காதுக்கு எட்டியவுடன் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“செங்கமலம், ஆணை என் மேசையிலதான் இருக்கு. ஆடி பொறக்கிறதுக்குள்ள எட்டு வரி எட்டு வரியாவே விழுந்தா, அதை நானே கொண்டுவந்து கையில குடுக்கிறேன். ஒன்பதா விழுந்துச்சுன்னா, நான் கொண்டுவர்ற காகிதம் வேற.”

“எட்டாக்கிக் காட்டுறேன் சார்,” என்றாள் அவள்.

அவள் சொன்னால் செய்கிறவள். கடைக்காரர் தரும் பட்டியலைக்கூட வரிக்கு வரி விரல் வைத்துப் படித்த பின்னரே பைக்குள் வைப்பவள். ஒரு புதிய குறிப்பேட்டை எடுத்து, அதன் முதற்பக்கத்தில், பிழை கடிதத்திலா, எடுப்பதிலா, ஒட்டுவதிலா, இயந்திரத்திலா என்று எழுதி, ஒவ்வொன்றன் கீழும் கோடிட்டாள்.

முதலில் கடிதத்தை ஆராய்ந்தாள். மாவட்ட அலுவலகத்தில் கடிதம் எழுதும் செயலி, நேரான மேற்கோள் குறிகளை வளைத்திருந்தது. சிறு கோட்டை நெடுங்கோடாக்கியிருந்தது. சொற்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்களைச் செருகியிருந்தது. கடைசி வரியின் முடிவில், திரையை உடனே கீழ்ப்படியச் செய்யும் வரிமுறிவு ஒன்றையும் வைத்திருந்தது. குழந்தையின் தலையில் ஈரெடுப்பதுபோல அவற்றை அவள் ஒவ்வொன்றாக நீக்கினாள். நீக்கிய பாடத்தை அலங்காரமற்ற வெற்றுத் தாளில் ஒட்டிப் பார்த்தாள், எட்டு வரிகள். கடிதத்திலேயே திரும்ப ஒட்டினாள், எட்டு வரிகள். கறுப்புத் திரையில் ஒட்டினாள், ஒன்பது. ஆயினும் ஒரு பயன் விளைந்தது. வரிமுறிவு நீங்கியமையால், திரை முதன்முறையாகப் பொறுத்திருந்தது. அந்த ஒன்பதாம் வரியின் முடிவில் சிறு கோடு ஒன்று தோன்றியும் மறைந்தும் அவளுடைய விடைக்காகக் காத்திருந்தது. அவள் முப்பத்தைந்துகளை நாற்பதுகளாகத் திருத்தினாள். ஒன்பதாம் வரியை அழித்தாள். திருத்தம் நின்றது. ஆனால் நிறைவேற்றும் விசையை அவள் அழுத்திய கணத்தில், நாற்பதுகள், தம்முடையதல்லாத இருக்கையில் அமர்ந்தவர்களைப்போல எழுந்து விலகின. முப்பத்தைந்துகள் வந்து அமர்ந்தன. ஒன்பதாம் வரியும் தன் இடத்துக்கு வந்தது.

வரி வரியாக ஒட்டினாள். எட்டாவதன் பின் ஒன்பதாவது தானே விழுந்தது. தலைகீழாக ஒட்டினாள், காளவாய் மேடு முதலில் வந்தது. மகளின் மடிக்கணினியைக் கொண்டுவந்து இணைத்தாள். இயந்திரம் மாறியது, வரி மாறவில்லை. ஒவ்வொரு நாளும் பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஒன்பதாவது வால்வின் எதிரே போய் நின்று, துரைக்கண்ணுவின் குவளையையே உற்றுப் பார்த்தாள். குவளையிலிருந்த தேநீரில் ஒரு நெளிவும் இல்லை. அந்த வால்வு அசையவில்லை. தண்ணீர் அதைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தது. இவை எல்லாவற்றையும் நாள் குறித்து எழுதினாள். குறிப்பேட்டில் முப்பத்தொரு பக்கங்கள் நிறைந்தன.

“இதுக்கு இம்புட்டு எழுதணுமாம்மா?” என்றார் துரைக்கண்ணு. “கறிக்குழம்பைத் தூக்குல ஊத்தி எடுத்துட்டுப் போறப்ப, மேல ஒரு அடுப்புக்கரியப் போடுறோம். எதுக்கு? வழியில நிக்கிறது கூடவே வந்துடக்கூடாதுன்னுதானே? நீங்க அங்கேருந்து எடுத்து இங்கே கொண்டாந்து வைக்கிறீங்க. கரி போடாம கொண்டாந்தா?”

மறுநாள் விசைப்பலகையின்மேல் ஒரு கரித்துண்டு இருந்தது. செங்கமலம் அதைத் தொட்டுப் பார்த்தாள், ஊறிப்போயிருந்தது. திரையில் ஒன்பது வரிகளே விழுந்தன.

இச்செய்தி ஆறாம் தெருப் பாத்திரக்கடைக்காரர் குஞ்சிதபாதத்தின் செவிக்கு எட்டியது. நாள்தோறும் ஐந்து நிமிடம் குறைந்ததில் ஊரிலேயே மிகுதியாகப் புகார் எழுதியவர் அவர்தாம். அவர் நிலையத்துக்கே வந்து, துரைக்கண்ணுவைக் கடிந்துகொண்டார்.

“ஏய்யா, குழம்பு தூக்குல போச்சுன்னா கரியையும் தூக்குலதான் போடணும், தூக்கு வச்ச மேசையில வைப்பியா? எழுத்துப் போற வழியில எழுத்துக் கரியில்ல போடணும்!”

ஊரில் இதை மறுத்துப் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு ஒழுங்காக இருந்தது அந்த வாதம். அவர்கள் அனைவரும் கூடிநின்று வற்புறுத்தவே, செங்கமலம் கடிதத்தின் தொடக்கத்தில், ‘கரி, பூஜ்ஜியம் நிமிடம்’ என்று ஒரு வரி சேர்த்து, முழுவதையும் எடுத்து ஒட்டினாள். திரையில் பத்து வரிகள் விழுந்தன. எட்டுத் தெருக்களுக்கும் முப்பது முப்பது நிமிடம், காளவாய் மேட்டுக்கு நாற்பது, கரிக்கும் நாற்பது. அன்று ஐந்தரை மணி தொடங்கி நாற்பது நிமிடங்கள் ஊரின் எல்லாக் குழாய்களிலிருந்தும் கரித்தூள் இறங்கியது. பல் துலக்க நின்றவர்கள் அதைக்கொண்டே துலக்கினார்கள். ஆடிப்பெருக்கு விற்பனைக்கென்று புளியிட்டுத் தேய்த்துக் கழுவ வைத்திருந்த குஞ்சிதபாதத்தின் முந்நூறு பித்தளைக் குடங்களும் இரும்புச் சட்டிகளைப்போல் ஆயின. காளவாய் மேட்டில் மட்டும் தண்ணீர் வழக்கம்போல் தெளிவாக வந்தது.

“கரிக்கும் பங்கு குடுத்துருச்சு பாத்தியா,” என்று ஊர் பேசிக்கொண்டது. “பேரச் சொன்னா குடுத்துடுது.”

காத்தாயி அதைக் கேட்டுச் சிரித்தாள். நிலையத்து வேலிக்கு வெளியே கிளிஞ்சல் கூடையை இறக்கி வைத்துவிட்டு, செங்கமலத்திடம் சொன்னாள்:

“நீங்க பேய்னு நெனச்சுக் கரி போடுறீங்க. பேயில்லம்மா, பங்கு. முன்னயெல்லாம் கடல்ல பாடு முடிஞ்சு மீன்கூடையத் தூக்கிட்டு எங்க மேட்டு வழியாத்தானே ஊருக்குள்ள வருவாங்க? வழியில நிக்கிறவங்களுக்கு ஒரு மீன் விழும். யாரும் கேக்கறதில்ல, யாரும் எண்றதில்ல. வழிப்பங்குன்னு பேரு. தார்ரோடு அந்தப் பக்கமாப் போட்டாங்க, வேன் வந்துச்சு, வேன் நிக்கிறதில்ல. ஒரு எடத்துலேருந்து எடுத்து இன்னோர் எடத்துல வைக்கிறீங்கன்னா நடுவுல வழி ஒண்ணு இருக்கும்ல?”

“கணினிக்குள்ள ஏதும்மா வழி?”

“அத நீங்கதான் படிச்சவங்க, பாக்கணும்.”

வழிப்பங்கு என்ற சொல் மாலைக்குள் எட்டுத் தெருவுக்கும் போய்விட்டது. குஞ்சிதபாதம் மட்டும் ஒப்பவில்லை. தண்ணீருக்கு மட்டுந்தானா, எல்லாவற்றுக்குமா என்று சோதிக்க, தம் மகளின் திருமண அழைப்பிதழைக் கொண்டுவந்து அந்தத் திரையில் ஒட்டச் சொன்னார். ஒட்டப்பட்டதை, கூடியிருந்தவர் கேட்கும்படி, தாமே உரக்கப் படித்தார். தாத்தா பெயர், பாட்டி பெயர், மணநாள், மண்டபம் எல்லாம் முறையாகவே இருந்தன. ‘இங்ஙனம் தங்கள் வருகையை எதிர்நோக்கும்’ என்பதன்கீழ், அவருடைய பங்காளிகள் பெயரை அடுத்து, ‘காளவாய் மேட்டார்’ என்று இருந்தது. படிக்கும் வேகத்தில் அதையும் அவர் படித்துவிட்டார். பத்துப் பேர் கேட்க வாயால் படித்த பத்திரிகையை மாற்றிச் சொல்லும் வழக்கம் மணற்றுறையில் இல்லை. ஆகவே நாற்பத்து மூன்று வீட்டாரும் திருமணத்துக்கு வந்தார்கள். அழைக்கப்பட்டவர்களாக அல்ல, அழைப்பவர்களாக. வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீரை வரிசையாகச் சுமந்து வந்து, பந்தி பரிமாறி, வாசலில் நின்று, வந்தவர்களை ‘வாங்க, வாங்க’ என்றார்கள். குஞ்சிதபாதம் நெடுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு துரைக்கண்ணுவின் காதில், “என்னய்யா, அஞ்சு நிமிஷந்தானே,” என்றார். அதன்பின் அவர் புகார் எழுதவில்லை.

இப்படியாக, ஆனி முடிவதற்குள் ஊர் அந்த ஒன்பதாம் வரியைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. எட்டுத் தெருப் பெண்களும் கடைசிக் குடத்தை அரைக்குடமாகவே நிரப்பக் கற்றார்கள். அந்த அரைக்குடத்துக்கு ‘மேட்டுக்குடம்’ என்று பெயரும் வைத்தார்கள். வாங்கிக்கொள்ளாதது அலுவலகம் ஒன்றுதான். செங்கமலமோ, தொடங்கிய கணக்கை விடையின்றி மூடிவைக்க அறியாதவள்.

ஆனியின் கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமை, அவள் கடிதத்தை எடுக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை. அதைத் தாளில் அச்சிட்டு அருகில் வைத்துக்கொண்டு, எட்டு வரிகளையும் எழுத்தெழுத்தாகத் தன் விரலாலேயே கறுப்புத் திரையில் அடித்தாள். அடித்தவை அடித்தபடியே நின்றன. விசையை அழுத்தினாள். எட்டும் எட்டாகவே இருந்தன. நாற்பதும் நாற்பதாகவே இருந்தது. அவள் குறிப்பேட்டின் முப்பத்திரண்டாம் பக்கத்தில், ‘கையால் அடித்தால் மாறுவதில்லை, எடுத்து ஒட்டினால்தான் மாறுகிறது’ என்று எழுதி, இரண்டு கோடுகள் இட்டாள். அன்றைக்கே அறிக்கையும் அனுப்பினாள். கலியமூர்த்தி மறுமொழியாக, இனி நாள்தோறும் கையாலேயே அடிக்க வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமை தாமே வந்து பார்த்துவிட்டு ஆணையைத் தருவதாகவும் எழுதியிருந்தார். ஒரு மாதத்தில் முதன்முறையாக அவள் பசித்து உண்டாள்.

பதினொரு மணிக்கு வேலியருகே காத்தாயி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் வெறுங்குடம்.

“தண்ணி வரலியேம்மா.”

“வராது காத்தாயி. கண்டுபிடிச்சுட்டேன்.”

“என்னத்தக் கண்டுபுடிச்சீங்க?”

“ஏன் வந்துச்சுன்னு.”

காத்தாயி குடத்தை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“ஏன் வந்துச்சுன்னு நாங்க கேக்கவே இல்லியே. பதினோரு வருசமா ஏன் வரலைன்னுதானே கேட்டோம். அத எப்பக் கண்டுபுடிப்பீங்க?”

அவள் கோபத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். பிறகு, குழாயில் வராத காலத்தில் மேட்டார் தண்ணீர் எடுத்த ஊற்று இருக்கும் திசையில் நடந்து போனாள்.

புதன்கிழமை செங்கமலம் கையால் அடித்தாள், வியாழக்கிழமையும் அடித்தாள். இரண்டு நாளும் ஊரின் குடங்கள் விளிம்பு வரை நிரம்பின. கடைசிக் குடத்தைப் பாதியில் எடுத்துப் பழகிய பெண்கள், குழாயில் இன்னும் விழுகிற தண்ணீரைப் பார்த்து, அதை மறுபடி குழாயடியில் வைத்தார்கள். வியாழன் மாலை அவள் குறிப்பேட்டை முதற்பக்கத்திலிருந்து மீண்டும் படித்தாள். கடிதம், எடுத்தல், ஒட்டுதல், இயந்திரம் ஆகிய நான்கையும் சோதித்திருந்தாள். கணினிக்குள் இருக்கும் தெருக்களின் பெயர்ப்பட்டியலை மட்டும் சோதிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளில் யாரும் அதைத் திறந்ததே இல்லை. திறந்தாள். எட்டு எண்களும், அவற்றின் எதிரே எட்டுத் தெருக்களும் இருந்தன. கீழே, ஒன்பது என்னும் எண் இருந்தது. எதிரே ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முப்பத்து மூன்றாம் பக்கத்தில், ‘பிழை இங்கே’ என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தேகால் மணிக்குக் கலியமூர்த்தி வந்தார். தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் அமர்ந்தார். பையின் பக்கவாட்டில் ஆணையின் முனை வெள்ளையாகத் தெரிந்தது. முற்றத்தில் துரைக்கண்ணு குழாய் அடுக்கின்மேல் அமர்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

செங்கமலம் அடிக்கத் தொடங்கினாள். முதல் தெரு, முப்பத்தைந்து நிமிடம்.

“நாற்பதும்மா,” என்றார் கலியமூர்த்தி.

இரண்டாம் தெரு, முப்பத்தைந்து நிமிடம்.

“செங்கமலம், நாற்பது. தாளைப் பாருங்க.”

“பாத்துட்டேன் சார்.” எட்டாம் தெரு வரையில் நிறுத்தாமல் அடித்தாள். பிறகு ஒன்பதாம் வரியை, காளவாய் மேடு, நாற்பது நிமிடம் என்று அடித்தாள்.

“கையால அடிச்சா மாறாதுன்னு நீங்கதானே எழுதுனீங்க?”

“மாறலை சார். இது நான் மாத்துறது.”

“என்னம்மா இது, ஆணை பைக்குள்ள இருக்கு!”

“தெரியும் சார். எட்டு எட்டாவே விழும்படி ஆக்கிக் காட்டுறேன்னு சொன்னேன், காட்டிட்டேன். மூணு நாள் காட்டியிருக்கேன். அது இயந்திரத்தோட பிழையில்ல. இத்தனை நாளா அது பாட்டுக்குப் பங்கு போட்டுச்சு, யாரு போட்டதுன்னு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கல. இனிமே கேட்டா, நான்னு சொல்லிக்கிறேன்.”

அவள் விசையை அழுத்தினாள். எட்டு வரிகளையும் திரை ஏற்றுக்கொண்டது. ஒட்டப்பட்ட காலத்தில் ஒருநாளும் கேட்காத கேள்வியை, ஒன்பதாம் வரிக்கு அன்று அது கேட்டது: அப்படி ஒரு தெரு இல்லை என்றது. அவள் மறுபடி அடித்தாள். மறுபடி இல்லை என்றது. கலியமூர்த்தி பெருமூச்சுவிட்டார். செங்கமலம் பெயர்ப்பட்டியலைத் திறந்து, ஒன்பது என்னும் எண்ணின் எதிரே இருந்த வெற்றிடத்தில், ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து, காளவாய் மேடு என்று எழுதினாள், பட்டியலை மூடினாள், ஒன்பதாம் வரியை மூன்றாம் முறையாக அடித்தாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. சிறு கோடு அடுத்த வரிக்கு இறங்கி, தோன்றியும் மறைந்தும் நின்றது.

அதன்பின் அவர்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு வால்வாகத் திறந்து மூடியது. செய்தி எப்படியோ பரவி, ஒன்பது மணிக்கெல்லாம் தெருக்காரர்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். குஞ்சிதபாதமும் வந்தார். மேட்டிலிருந்து காத்தாயியும் இருபது பேரும் வந்தார்கள். தூண்களில் பதில் இல்லாததால், கேள்வியை இங்கேயே கேட்கலாம் என்று வந்திருந்தார்கள். பத்து மணி பத்து நிமிடத்துக்கு எல்லாரும் தெற்குத் திசையைப் பார்த்தார்கள். துரைக்கண்ணு மட்டும் தம் குவளையைப் பார்த்தார்.

தேநீர் நெளிந்தது. குவளை ஒருமுறை தள்ளாடியது, இருமுறை தள்ளாடியது, கீழே விழுந்து உருண்டது. அதன்பின் தகர மூடி, தலைப்பாகையைப்போலக் கழன்று தெறிக்க, பதினோராண்டுகளாக மூடியிருந்த ஒன்பதாம் வாயிலிருந்து நீர் ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து, முற்றத்தில் விழுந்து, எந்தப் பக்கம் போவதென்று அறியாமல் குழாய் அடுக்கின் காலடியில் வந்து தேங்கியது. மேட்டில் ஒரு துளியும் விழவில்லை. கையால் செய்ததற்கு வழி தானாக அமையவில்லை.

முதலில் பேசியவர் கலியமூர்த்தி.

“திறப்பு விழாவன்னிக்கு, மேட்டுக்குப் பின்னால லாரியில தண்ணி கொண்டாந்து மறைச்சு வச்சது நான்தான்,” என்றார், யாரும் கேட்காமலே. “அப்ப நான் புதுசு. இந்தக் குழாயெல்லாம் அடுத்த வாரமே பொதைச்சிருவாங்கன்னு சொன்னாங்க.” மடியிலிருந்த தோல்பையைப் பார்த்தார். வெளியே தெரிந்த ஆணையின் முனையை உள்ளே தள்ளிவிட்டு, பையை மூடினார். “இன்னிக்கு நடந்ததை நான் எழுதித்தான் ஆகணும், செங்கமலம். அதுக்கு மேல என் கையில இல்ல.”

“எழுதுங்க சார். எங்கேருந்தும் எடுத்து ஒட்டாதீங்க. உங்க கையாலேயே எழுதுங்க.”

அவள் குறிப்பேட்டை மேசையின்மேல் அவருக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, தண்ணீர் நின்ற முற்றத்தில் இறங்கினாள். வேலிக்கு அப்பால் காத்தாயி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமோ மண்வெட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். குஞ்சிதபாதம் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார். துரைக்கண்ணு தரையிலே உருண்ட குவளையையும், தம் கணுக்காலை நனைத்த நீரையும் மாறி மாறிப் பார்த்தபடி, அமர்ந்த இடத்திலேயே அமர்ந்திருந்தார்.

செங்கமலம் அடுக்கின் ஒரு முனையில் கைகொடுத்து நின்றாள்.

“அண்ணே,” என்றாள், “எந்திரிங்க.”